அந்த சிக்ஸரை நீங்கள் நிஜமாகவே பார்த்தீர்களா? சிறுவயது ஆட்ட நாயகர்களைப் பற்றி எழுதும் முன் சரிபார்க்கும் முறை

1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் 175 அடித்ததை டிவியில் பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் செய்தியும் ஸ்கோரும் சில புகைப்படங்களும்தான். ஆனாலும் பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிற்பாடு படித்தது, கேட்டது, திரைப்படத்தில் நடித்துக் காட்டியது எல்லாம் சேர்ந்து மனதில் ஒரு காட்சியாக உட்கார்ந்துவிட்டது.

பள்ளி நாட்களில் கொண்டாடிய வீரரைப் பற்றிக் கட்டுரையோ, குடும்பத்துக்காக ஒரு குறிப்பேடோ எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் சிக்கல் இதுதான். நினைவு தப்பு என்று தூக்கிப் போடவும் முடியாது, அதை அப்படியே வரலாறு என்று எழுதவும் முடியாது. இரண்டையும் பிரித்து வைக்க ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை மாறினால் வேலை கெடும்.

முதலில் எழுதுங்கள், பிறகு தேடுங்கள்

வீடியோவைத் திறக்காதீர்கள். கூகுளையும் தொடாதீர்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு, நினைவில் இருப்பதைக் கையால் எழுதுங்கள். பழைய ஆட்டத்தின் வீடியோவை ஒரு தரம் பார்த்துவிட்டால், உங்கள் பழைய நினைவு எது, இப்போது பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது. புதிய காட்சி பழையதன் மேல் ஏறிக்கொள்ளும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை, மற்றதை எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

தாளில் வருடம் எழுத வேண்டாம். வருடம் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். அதற்குப் பதிலாகச் சுற்றியிருந்ததை எழுதுங்கள்: எந்த வகுப்பு, யார் வீடு, டிவியா ரேடியோவா, கறுப்பு வெள்ளையா கலரா, காலையா ராத்திரியா, பரீட்சை நேரமா லீவா, பக்கத்தில் யார். இதெல்லாம் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். தேதியைப் பிடித்துக் கொடுப்பது இவைதான்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி போடுங்கள். நேரில் பார்த்தது ‘நே’, டிவி நேரலை ‘டி’, ரேடியோ ‘ரே’, பேப்பர் அல்லது பத்திரிகை ‘பே’, பிற்பாடு பார்த்த வீடியோ ‘வீ’, மாமாவோ அண்ணனோ சொன்னது ‘சொ’. சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி. நேர்மையாகப் போட்டால், ‘டி’ என்று நினைத்ததில் பாதி ‘பே’ அல்லது ‘சொ’ ஆகிவிடும்.

வருடத்தை மடக்குவது

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டு ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஜி.ஆர். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார். ஆகவே சென்னையில் அதை ‘டிவியில் பார்த்தேன்’ என்று யாராவது சொன்னால், அது மைதானமாகவோ ரேடியோவாகவோதான் இருக்கும். மற்ற மாவட்டங்களுக்கு டிவி இன்னும் பல வருடம் கழித்துத்தான் போனது. கலர் ஒளிபரப்பு 1982இல் வந்தது, ஆனால் வீட்டில் கலர் டிவி எப்போது வந்தது என்பது வேறு கணக்கு. அதனால் ‘கறுப்பு வெள்ளையில் பார்த்தேன்’ என்பதை வைத்து 1982க்கு முன் என்று முடிவுகட்ட வேண்டாம். தெற்குக் கடலோர ஊர்க்காரர்கள் உயரமான ஆன்டெனா வைத்து இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்ததுண்டு, அது தொடங்கியதும் 1982இல்தான்.

கிரிக்கெட்டே சில அடையாளங்களைத் தருகிறது. 1983 வரை உலகக் கோப்பை 60 ஓவர், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. 1987இல் 50 ஓவர், உடை இன்னும் வெள்ளை. 1992இல் கலர் உடை, முதுகில் பெயர், வெள்ளைப் பந்து. ஆனால் ‘கலர் உடை என்றால் 1992க்குப் பிறகு’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. 1985இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியிலேயே இந்தியா கலரில் ஆடியது. லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் பந்தில் பாகிஸ்தானின் மியாண்டட் ஸ்டம்பிங் ஆனதும், ரவி சாஸ்திரிக்கு ஆடி கார் கிடைத்ததும் அங்கேதான், மார்ச் 10 இறுதி ஆட்டத்தில். மூன்றாவது நடுவர் டிவி பார்த்து ரன் அவுட் கொடுத்தது நினைவில் இருந்தால் அது 1992 நவம்பருக்குப் பிறகு. முதலில் அப்படி அவுட் ஆனவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டெண்டுல்கர்.

பொங்கல் டெஸ்ட் என்பது இன்னொரு பிடி, அதே சமயம் பெரிய பொறியும்கூட. சேப்பாக்கத்தில் ஜனவரியில் நிறைய டெஸ்ட் நடந்ததால் எல்லாச் சேப்பாக்கம் நினைவும் பொங்கலோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்னில் முடித்து டை ஆன டெஸ்ட் 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்தது. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தது அந்தச் செப்டம்பர் வெக்கையில்தான். கரும்பு கடித்துக்கொண்டே அதைப் பார்த்ததாக நினைவு இருந்தால், இரண்டு டெஸ்ட் கலந்திருக்கிறது.

ஸ்கோர்கார்டில் தேடும் விதம்

கிரிக்கெட் என்றால் கிரிக்இன்ஃபோ தளத்தின் புள்ளிவிவரத் தேடல் பக்கமான ஸ்டாட்ஸ்குரு போதும். வீரரின் பெயரைக் கொடுத்து, டெஸ்டா ஒருநாளா என்று தேர்ந்தெடுத்து, எதிரணியையும் நாட்டையும் மட்டும் குறிப்பிடுங்கள். தேதியைக் காலியாக விடுங்கள். வடிவத்தில் ‘இன்னிங்ஸ் பை இன்னிங்ஸ்’ பட்டியலைக் கேட்டால் எல்லா ஆட்டமும் வரிசையாக வரும். எண்ணை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். நினைவு எண்களை முழுசாக்கும் பழக்கமுடையது, விஸ்வநாத்தின் 97 பலர் வாயில் செஞ்சுரி ஆகிவிடும். ‘நூறு அடித்தது’ என்று நினைவிருந்தால் 80க்கு மேல் உள்ள எல்லாவற்றையும் பாருங்கள்.

ஒலிம்பிக் ஓட்டங்களுக்கு ஒலிம்பீடியா தளத்தில் ஒவ்வொரு சுற்றின் நேரமும் இருக்கிறது. பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலீஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி, நாலாவது இடம். வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு விநாடி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், ‘வெண்கலம் வாங்கினார்’ என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1986 சியோல் ஆசியப் போட்டியில் அவர் வாங்கிய நாலு தங்கமும் ஒரு வெள்ளியும் லாஸ் ஏஞ்சலீஸோடு கலந்துவிடுவதுதான் காரணம். வெள்ளி 100 மீட்டரில், லிடியா டி வேகாவிடம் தோற்று வந்தது. கால்பந்துக்கு ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் தளம் நம்பகமானது. செஸ் தனி ராகம்: விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டங்கள் நகர்வு நகர்வாகப் பதிவாகியிருக்கின்றன, அங்கே ஊகத்துக்கே இடமில்லை.

ஸ்கோர்கார்டு எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எண்பதுகளின் ஆட்டங்களுக்குப் பந்துக்குப் பந்து விவரம் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. எந்த ஓவர், எந்தத் திசை, கேட்ச் பிடித்தவர் எங்கே நின்றார் என்பதை ஸ்கோர்கார்டிலிருந்து எடுக்க முடியாது. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்ரீகாந்த் எடுத்த 38 இரு அணிகளிலும் சேர்த்து அதிகபட்சம் என்பதை ஸ்கோர்கார்டு சொல்லும். ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஒரு முட்டி போட்டு அடித்த பவுண்டரியை அது சொல்லாது. அதற்குப் பேப்பரும் வீடியோவும் வேண்டும்.

பழைய பேப்பர்

எழும்பூர் கன்னிமாரா நூலகம் தேசிய வைப்பு நூலகங்களில் (நாட்டில் வெளியாகும் நூல், இதழ்களின் பிரதி வந்து சேரும் இடங்கள்) ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இரண்டிலும் போவதற்கு முன் பத்திரிகைப் பெயரையும் தேதியையும் எழுதி எடுத்துப் போங்கள். ‘86ஆம் வருட இந்து’ என்று கேட்டால் ஒரு நாள் போய்விடும். செல்போனில் படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமானால், இந்தியன் எக்ஸ்பிரஸின் பழைய இதழ்கள் பல கூகுள் செய்திக் காப்பகத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே சொல் தேடலை நம்பாமல் தேதியை வைத்துப் புரட்டுங்கள்.

எந்தத் தேதிப் பேப்பரைப் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளூரில் மாலைக்குள் முடிந்த ஆட்டம் மறுநாள் பேப்பரில் இருக்கும். இங்கிலாந்தில் நடந்தது என்றால் நம் கணக்குக்கு நள்ளிரவை ஒட்டி முடியும். முன்கூட்டியே அச்சாகி வெளியூர் போகும் பதிப்பில் முடிவு இருக்காது, நகரப் பதிப்பில் இருக்கும். நூலகத்தில் கட்டி வைத்திருப்பது எந்தப் பதிப்பு என்பதை முதல் பக்க மூலையில் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த நாளையும் புரட்டுங்கள்.

அமெரிக்கக் கண்டம் என்றால் தேதியே மாறும். உலகக் கோப்பைக் கால்பந்தில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒன்றும் காலால் ஒன்றும் போட்டது 1986 ஜூன் 22, மெக்சிகோ நேரம் நண்பகல் 12 மணி ஆட்டம். நமக்கு அது இரவு 11.30. கோல்கள் விழுந்தது 51, 55ஆம் நிமிடங்களில். இடைவேளையையும் கூட்டினால் இங்கே மணி பன்னிரண்டரை தாண்டி, ஜூன் 23 பிறந்துவிட்டது. ஆகவே டைரியில் 23 என்று இருந்தால் அது தப்பில்லை, திருத்தாதீர்கள். லாஸ் ஏஞ்சலீஸ் கோடையில் நம்மைவிட 12½ மணி நேரம் பின்னால். அங்கே ஆகஸ்ட் 8 மதியம் என்றாலே இங்கே 9. உஷாவின் ஓட்டத்துக்கு 9, 10 இரண்டு தேதிப் பேப்பரையும் பாருங்கள்.

நினைவு வழக்கமாக எங்கே சறுக்கும்

ஒரே வாரத்தில் நடந்த இரண்டு ஆட்டங்கள் ஒன்றாகக் கலந்துவிடுவது மிக அதிகம். ஷார்ஜா 1998ஐ எடுங்கள். ‘மணல் புயல் அடித்தது, சச்சினுக்குப் பிறந்தநாள், ஆஸ்திரேலியாவை அடித்து நொறுக்கி ஜெயித்தார்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். மணல் புயல் ஏப்ரல் 22 ஆட்டத்தில். அன்று அவர் 143. அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. இலக்கு 46 ஓவரில் 276, இந்தியா எடுத்தது 250. ஆனால் இறுதிக்குப் போகத் தேவைப்பட்ட 237ஐத் தாண்டிவிட்டதால் தோல்வி போலவே தெரியவில்லை. பிறந்தநாள் ஏப்ரல் 24, இறுதி ஆட்டம், 134, அதுதான் வெற்றி. இரண்டு இன்னிங்ஸிலும் சரியாக 131 பந்து ஆடியிருக்கிறார் என்பதால் எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பவர்களும் குழம்புகிறார்கள். தேதியையும் இலக்கையும் வைத்துப் பிரியுங்கள்.

பெரிய ஆட்டம் ஆடினால் அணி ஜெயித்திருக்க வேண்டும் என்று மனம் தானாக முடிவுகட்டுவது இரண்டாவது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. டெண்டுல்கர் 136இல் வெளியேறியபோது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். இந்தியா 258இல் முடிந்து 12 ரன்னில் தோற்றது. இதைச் சென்னைக்காரர்கள் சரியாகவே நினைவு வைத்திருப்பார்கள், வலித்தது மறக்காது. ஆனால் ‘கடைசியில் அவர்தான் அவுட் ஆனார்’ என்பார்கள். அவருக்குப் பிறகு மூன்று விக்கெட் விழுந்தது.

கடைசிப் பந்து நினைவுகளைத் தனியாகச் சோதியுங்கள். மியாண்டட் 1986 ஏப்ரல் 18 அன்று ஷார்ஜாவில் சேத்தன் சர்மா பந்தில் சிக்ஸர் அடித்தபோது தேவை நாலு, ஆறு அல்ல. பந்து ஃபுல்டாஸ். அதே சேத்தன் சர்மா அடுத்த ஆண்டு நாக்பூரில் உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் எடுத்தார் என்பது பாதிப் பேர் நினைவிலிருந்தே போய்விட்டது, பாவம். டை டெஸ்டின் முடிவும் இப்படித்தான். ‘கடைசிப் பந்தில் மணிந்தர் எல்பிடபிள்யூ’ என்று எழுதுகிறார்கள். கிரெக் மேத்யூஸ் வீசிய அந்த ஓவரின் ஐந்தாவது பந்து அது. ஆறாவது வீச வேண்டியிருக்கவில்லை. எதிர்முனையில் சாஸ்திரி 48இல் நின்றார்.

வீடியோ கடைசியில்தான்

தாள், ஸ்கோர்கார்டு, பேப்பர் மூன்றும் முடிந்த பிறகு வீடியோவைப் பாருங்கள். பார்க்கும்போது தலைப்பை நம்ப வேண்டாம். வருடம், மைதானம் தப்பாகப் போட்டு ஏற்றப்பட்டவை ஏராளம். திரையில் ஸ்கோர் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கோர்கார்டோடு ஒப்பிடுங்கள். விக்கெட் விழுந்த ரன் எண்ணிக்கை பொருந்தினால் ஆட்டம் சரி. சுருக்கத் தொகுப்புகளில் வரிசை மாற்றி ஒட்டியிருப்பார்கள், ‘அதற்கு அடுத்த பந்திலேயே’ என்று எழுத வேண்டுமானால் நடுவில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பந்துவீச்சாளர் ஓட்டத்தைத் தொடங்கும் முன் காட்சி தாவினால் அது வெட்டு. வர்ணனை பிற்பாடு சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். நீங்கள் அன்று கேட்டது தமிழ் ரேடியோ வர்ணனையாக இருந்தால், ஆட்டம் பெரும்பாலும் சென்னையில் நடந்தது என்று கொள்ளலாம். வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரின் குரல் நினைவில் இருக்கிறவர்களுக்கு இது நல்ல தடயம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது

அப்பா, தாத்தா தலைமுறையின் நாயகர்களை எழுதுவதானால், கேள்வியிலேயே விடையைக் கொடுத்துவிடக் கூடாது. ‘தாத்தா, கிருஷ்ணன் விம்பிள்டன்ல செமி ஃபைனல் போனது ஞாபகம் இருக்கா?’ என்று கேட்டால் ‘ஆமாப்பா’ என்று மட்டும்தான் வரும். ‘அப்பல்லாம் ஸ்கோர் எப்படித் தெரியும், ரேடியோ யார் வீட்ல இருந்துச்சு?’ என்று ஆரம்பியுங்கள். இடத்திலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து ஆட்டத்துக்கும் அவர்களே வருவார்கள். (டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதி ஆடியது 1960, 1961 இரண்டு வருடமும், எந்த வருடம் என்று அடித்துக் கேட்டால் அவர்கள் குழம்புவது நியாயமே.) செல்போனை மேசைமேல் ஓர் அடி தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள், மின்விசிறியைக் குறையுங்கள். முக்கால் மணிக்கு மேல் இழுக்காதீர்கள். தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள். ஒரு தரம் திருத்தினால் அதற்குப் பிறகு எல்லாப் பதிலும் ‘சரியா தெரியலப்பா’ ஆகிவிடும்.

நறுக்கு ஒட்டிய நோட்டு கிடைத்தால்

வீட்டுப் பரணில் பழைய நறுக்கு நோட்டோ, ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் போஸ்டரோ கிடைத்தால் அது பெரிய சாட்சி. ஆனால் நறுக்கில் தேதி இருக்காது, கத்தரிக்கும்போது எல்லாரும் அதைத்தான் வெட்டி எறிந்திருப்பார்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். சினிமா விளம்பரம், வானிலை, தேர்தல் செய்தி ஏதாவது இருக்கும், அதிலிருந்து வாரத்தைப் பிடிக்கலாம். வார இதழ் என்றால் அட்டையில் உள்ள தேதி ஆட்டத் தேதியிலிருந்து ஒரு வாரமோ இரண்டோ தள்ளியிருக்கும்.

ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். மைதா பசை போட்டது பூச்சி அரித்திருக்கும், செலோடேப் பழுப்பாகி எழுத்தை விழுங்கியிருக்கும். இரண்டையும் இழுத்தால் காகிதம் கையோடு வரும். இருக்கிறபடியே படம் எடுங்கள். ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், போன் தாளுக்கு நேர் மேலே. பேப்பரின் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புக் காகிதம் வையுங்கள், தெளிந்துவிடும். ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, போஸ்டருக்கும் புகைப்படத்துக்கும் 600. லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது, செய்தித்தாள் காகிதத்தில் இருக்கும் அமிலம் உள்ளேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். கோப்புப் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: 1986-09-22-சேப்பாக்கம்-டை. வரிசை தானாக அமையும்.

எழுதும்போது

சரிபார்த்த விவரம் ஒரு பத்தி, நினைவு ஒரு பத்தி. இரண்டையும் ஒன்றாகப் பிசைய வேண்டாம். முதலில் தேதி, மைதானம், ஸ்கோர், முடிவு. பிறகு, ‘ஆனால் எங்கள் தெருவில் இதை இப்படித்தான் சொல்லிக்கொண்டோம்’ என்று நினைவை அது இருந்த வடிவிலேயே விடுங்கள். 97ஐச் செஞ்சுரி என்று தெருவே நம்பியிருந்தால் அதுவும் எழுதத்தக்க செய்திதான், 97 என்ற எண் மேலே இருக்கும் வரைக்கும். ‘டி’ என்று குறி போட்டுப் பிறகு ‘பே’ ஆனவற்றில் ‘பார்த்தேன்’ என்ற வினையை மாற்ற மறக்காதீர்கள். எல்லாம் திருத்தியபின் தப்பிப் பிழைத்து நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். கடைசியாக ஒரு முறை பக்கத்தில் ‘பார்த்’ என்று தேடிப் பாருங்கள்.